துலுக்காணத்தின் மூன்று ஸ்டைல்

"எந்த ஸ்டைல்ல சண்டை போட்டா ஜெயிக்கலாம் மாஸ்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க. அதையே புடிச்சிக்கிறேன்."

கேட்டவன் துலுக்காணம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வயது முப்பத்து நாலு. ஒரே வருடத்தில் மூன்று குத்துச்சண்டைகளில் தோற்றிருந்தான். இன்னொன்று தோற்றால் துறைமுக அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

எமிலி மாஸ்டர் அவனைவிட நாலு வயது சின்னவர். ராயபுரத்தில் பழைய மரக்கிடங்கு ஒன்றுக்குள் கயிறு கட்டிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் எப்படி ஆடினீங்க?"

"மொதல்ல மேல ஏறி ஏறி அடிச்சேன். தோத்தேன். அப்புறம் தள்ளி நின்னு கை நீட்டி அடிச்சேன். அதுலயும் தோத்தேன். கடைசியா, அவன் அடிக்கட்டும், தப்பிச்சு திருப்பி அடிக்கலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம்?"

"காத்துக்கிட்டே இருந்தேன் மாஸ்டர். மணி அடிச்சிட்டாங்க."

எமிலி கையுறையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார்.

"மூணையும் காட்டுங்க."

காட்டினான். மூன்றும் நன்றாகவே வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் எமிலி ஒரே ஒரு தடவை கையை ஓங்கினார். ஓங்கியதோடு சரி. மூன்று தடவையும் துலுக்காணம் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

எமிலி கையை இறக்கினார்.

"என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை கேளுங்க."

அவனுக்கு மூச்சு வாங்கியது. யோசிக்காமல் கேட்டுவிட்டான்.

"எந்த ஸ்டைல்ல மாஸ்டர் அடி விழாது?"

கேட்டதும் அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு மெல்லச் சொன்னான். போன வருடம் தாடையில் ஒரு குத்து வாங்கிச் சுருண்டு விழுந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து யாராவது கதவை வேகமாகச் சாத்தினாலே உடம்பு உதறுகிறது.

"வீட்ல சொன்னீங்களா?"

"எப்படி மாஸ்டர் சொல்றது? தெருவே பாக்ஸர்னு கூப்புடுது."

எமிலி தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"என்னை அடிங்க."

"மாஸ்டர்..."

"தடுக்க மாட்டேன். அடிங்க."

தயங்கித் தயங்கி ஒன்று விட்டான்.

"நல்லா."

இரண்டாவது கன்னத்தில் சரியாக விழுந்தது. எமிலி ஓரடி பின்னால் போனார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அந்தக் கண் மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா மாஸ்டர்?"

"பின்ன?" முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவை மேடை ஏறும்போதும் எனக்குப் பயம்தான். பதினாலு வருஷமா."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

ஒரு வருடமாகத் துலுக்காணத்தின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"இப்ப நான் அடிக்கப் போறேன்" என்றார் எமிலி.

கையைத் தொங்கவிட்டு நின்றான். அவர் தோள் அசைந்ததைப் பார்த்தான். சிவப்புக் கையுறை பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தான். அதில் தையல் விட்டிருந்த இடம்கூடத் தெரிந்தது. கன்னத்தில் வந்து விழுந்தது.

துலுக்காணம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"வலிக்குது மாஸ்டர்!"

"வலிக்கும்" என்றார் எமிலி. "அடுத்தது வருது."