அரை முழக் கேபிள்

“இந்த புளூடூத்தைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்க மாட்டான், சாமி” என்று சொல்லிக்கொண்டே நல்லபெருமாள் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

குரு அவரைவிடப் பத்து வயது இளைய பெண். ஆசிரமத்துப் பின்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நல்லபெருமாள் கொட்டித் தீர்த்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது தம்பி சுயம்புலிங்கத்தின் போனில் பதிவாகி இருக்கிறது. இவர் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை. தம்பியின் போனோ பேட்டரி உப்பி, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறது.

வாட்ஸ்அப்பில் வாங்க வழியில்லை. தம்பியின் நம்பரை இவர் பிளாக் செய்திருக்கிறார்; எடுத்துவிட மனசில்லை.

வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. அதனால் புளூடூத்தில் வாங்கப் பார்த்தார்: சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் போன், இந்தப் பக்கம் இவர் போன். இரண்டு போனையும் இணைக்கும்போது இரண்டு திரையிலும் வந்த எண் ஒன்றுதானா என்பதைக்கூடத் தம்பி மனைவிதான் சன்னல் வழியே கத்திக் கேட்டாள்.

பாதி வரும். அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

“வேணும்னே நிறுத்துதான். எனக்குத் தெரியாதா அவனை?”

குரு எழுந்து உள்ளே போனார். தன் சார்ஜரிலிருந்து கேபிளைப் பிடுங்கி வந்து கொடுத்தார். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தது; போனுக்குப் போன் நேராகச் செருகலாம்.

நல்லபெருமாள் அதை நீட்டிப் பார்த்தார். “அரை முழம்கூட இல்லையே. சுவரைத் தாண்டாது.”

“தாண்டாது.”

“நீளமா வேற இருக்கா?”

“இருக்கு. தர மாட்டேன்.”

குரு கீரைக்குத் திரும்பிவிட்டார்.

நல்லபெருமாள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். குருவை, தம்பியை, சுவர் கட்டின கொத்தனாரை. தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

சுயம்புலிங்கம் கேபிளைப் பார்த்தான். பாயை விரித்தான்.

முழங்கால் முழங்காலில் இடித்தது. பழைய போனில் கேபிள் செருகும் இடம் தொளதொளவென்று இருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் விட்டுப்போனது. ஆளுக்கொரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

கோபத்தில் நல்லபெருமாளின் கை நடுங்கத் தொடங்கியது.

“ஏல, உன்மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் போகல.”

“எனக்கும்தாண்ணே” என்றான் சுயம்புலிங்கம். “கையை மட்டும் ஆட்டாதிய.”