கண்ணாடிக் குளத்துக்குப் பொண்ணு கேட்ட கதை

வறட்டாங்குளம்னு ஒரு ஊரு. பேர்ல குளம் இருக்கும், ஊர்ல இருக்காது. தண்ணியில்லாத ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கொம்பையாவுக்குக் காதோரம் நரைச்சுப் போச்சு, கல்யாணம்தான் ஆகலை.

கடைசியில பக்கத்தூரு வண்டிமலையான் மனசு இறங்கினார். "எனக்குக் கால்ல ஆணி, உங்க ஊருக்கு நடக்க முடியாது. ஊரைச் சின்னதாச் செஞ்சு பலகையில கொண்டாங்க. புல்லு, தண்ணி எல்லாம் அசல் மாதிரி இருக்கணும். பிடிச்சா எம் மவ முப்பிடாதியைத் தாரேன்"னார்.

கொம்பையாவும், தம்பி சொரிமுத்துவும், தாய்மாமன் பூவுலிங்கமும் கொலுபொம்மை விக்கிறவர்கிட்ட யோசனை கேட்டாங்க.

"மண்ணைப் பரப்பிக் கடுகைப் போடுங்க, புல்லு வந்துரும். நடுவுல கண்ணாடியை வைங்க, தண்ணி மாதிரியே இருக்கும்" என்றார் அவர்.

மண்ணைப் பரப்பினாங்க. ஓலையில குட்டிக் குட்டியா வீடும் கட்டினாங்க. அடுப்பங்கரையில வச்சு ஆலோசனை நடந்தது.

"மாமா, கடுகைப் போடுறதுன்னா?" என்றான் கொம்பையா.

"எண்ணெய் காயணும்லே. கடுகு வெடிக்கணும். பொறவு போடணும். எங்கக்கா அப்படித்தான் போடுவா."

"கறிவேப்பிலை?" என்றான் சொரிமுத்து.

"புல்லுக்கு எதுக்குலே கறிவேப்பிலை?"

"மரத்துக்கு, மாமா."

"அது சரி. மரமில்லாத ஊரா?"

கடுகு வெடிக்கிற நேரம் பார்த்துச் சட்டியில தீ பத்திக்கிச்சு. பதறிப்போய்ச் சட்டியை அப்படியே பலகைமேல கவுத்தாங்க. ஓலை வீடெல்லாம் குப்புன்னு எரிஞ்சது.

"ஐயோ, ஊரு எரியுதே!"ன்னு கொம்பையா ஓடிப்போய்க் கோயில் மணியை அடிச்சான். ஊர்ச்சனம் மொத்தமும் கட்டில், ஆடு, உரலோட பொட்டல்ல வந்து உட்கார்ந்தது. மாமன் மட்டும் தைரியமா நின்னு, மத்தியானக் கஞ்சியைப் பலகைமேல ஊத்தி ஊரைக் காப்பாத்தினார்.

ஓடுன ஓட்டத்துல சொரிமுத்து கையில இருந்த பச்சைக் கடுகு பலகையில சிந்தியிருக்கு. சில நாள்ல பச்சைப்பசேல்னு முளைச்சது.

"பாத்தியாலே, தாளிச்சது வீண்போகலை!" என்றார் மாமன்.

களிமண்ணுல மறுபடி வீடு வச்சாங்க. அடுத்தது கண்ணாடி. ஊருக்கே ஒரு கண்ணாடிதான், அது மாமன் மூக்குமேல இருந்தது. கழட்டி நடுவுல வச்சாங்க.

"ஒண்ணு கேட்டா ரெண்டு குளமா வந்துட்டே!"ன்னு கொம்பையா குதிச்சான்.

பலகையைத் தலையில தூக்கிக்கிட்டுப் புறப்பட்டாங்க. கண்ணாடி இல்லாத மாமன் அவங்க வேட்டி முனையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆட்டாதீங்கலே, குளம் சிந்திரும்"னு சொல்லிக்கிட்டே வந்தார்.

வண்டிமலையான் குனிஞ்சு பார்த்தார். கண்ணாடிக்கு அடியில ஒரு கட்டெறும்பு ஊர்ந்துச்சு.

"அம்மாடி! எம்புட்டுப் பெரிய மீனு! இந்த ஊருக்குத்தான் எம் மவ."

எல்லாரும் சிரிச்சாங்க. கொம்பையா மட்டும் ஓன்னு அழுதான். "வீட்டு வாசல் கட்டை விரல் அகலம்தானே இருக்கு, முப்பிடாதி எப்படி நுழைவா?"

"கூறுகெட்டவனே, நம்ம அசல் வீட்ல வாசல் பெருசுல்லா?" என்றார் பூவுலிங்கம்.

"அங்கே தண்ணி இல்லையே மாமா. வாசல் இருக்கிற ஊர்ல தண்ணி இல்லை. தண்ணி இருக்கிற ஊர்ல வாசல் இல்லை."

நாலு பேரும் கன்னத்துல கை வச்சு உட்கார்ந்துட்டாங்க. சொரிமுத்துதான் வழி சொன்னான்: "மதினி பெரிய ஊர்ல இருக்கட்டும். தண்ணி எடுக்க மட்டும் சின்ன ஊருக்கு வந்துட்டுப் போகட்டும்."

"ஆகா!" என்றார் வண்டிமலையான். உடனே முகம் சுண்டிப்போச்சு. "மீனே அம்புட்டுப் பெருசுன்னா குளம் எம்புட்டு ஆழமோ! எம் மவளுக்கு நீச்சல் தெரியாதே."

முகூர்த்தம் தள்ளிப்போச்சு. முப்பிடாதி இப்போ கட்டில்ல குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிச்சுப் பழகுறா. அவ முங்கிடக் கூடாதுன்னு இடுப்புல கயிறு கட்டி, மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல தூக்கிக் கட்டி நிக்கான் கொம்பையா.