பனிமேல் வாரித் தூற்றிய சாம்பல்

சூரியனும் பனியும் மாடும் மனிதரும் ஒருவரோடு ஒருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வடக்கே மேகத்துக்கும் மேலே இருந்த ஒரு மலையூரில் யாங்டோல் என்று ஒருத்தி இருந்தாள். கணவன் தோண்டுப், இரண்டு பிள்ளைகள், ஏர் இழுக்க ஒரு கவரிமா, சரிவில் ஒரு துண்டு நிலம். அவ்வளவுதான் அவளுக்கு உலகம். அந்த ஊரில் வருடத்துக்கு ஒரே ஒரு போகம். சித்திரை முடிவதற்குள் பார்லியை விதைத்தால் குளிர் திரும்புவதற்குள் அறுத்துவிடலாம். தவறிப்போனால் கதிர் பால் பிடிக்கும்போதே பனி வந்து மூடிவிடும். அப்புறம் வயிற்றில் ஈரத்துணிதான்.

அப்போதெல்லாம் பனிக்கும் சூரியனுக்கும் தகராறே கிடையாது. குளிர்காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய தூசும் மண்ணும் பனியின் மேல் படிந்திருக்கும். வெயில் அதில் பட்டுச் சுள்ளென்று உறைக்கும். 'சரி, நம் காலம் முடிந்தது' என்று பனி தன் சேலையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விடுவாள். அதற்கு மேல் ஒரு நாள் தங்க மாட்டாள். அப்படி ஒரு மரியாதை.

அந்த வருடம் குளிர்காலம் முழுக்கக் காற்றே வீசவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

சித்திரை பிறந்துவிட்டது. யாங்டோல் காலையில் வாசலுக்கு வந்தால் மூக்கு நுனி வெயிலில் கன்றிப்போகிறது. காலோ முழங்கால்வரை பனியில் புதைந்து மரத்துப்போகிறது. கம்பளியைக் கழற்றுவாள். ஐயோ குளிருதே என்று போடுவாள். மறுபடி கழற்றுவாள்.

"ஏங்க, இது கோடையா குளிரா?"

தோண்டுப் வானத்தைப் பார்த்துக் "கோடைதான்" என்பான். தரையைப் பார்த்து "இல்லல்ல, குளிரு" என்பான். தினமும் காலையில் ஏரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். மதியத்துக்கு மேல் மேகம் கட்டிப் பொலபொலவென்று புதுப்பனி கொட்டும். அதே ஏரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவான். பாவம், மனுஷன் ஏரை உழவுக்குக் கொண்டுபோகிறானா, உலாவக் கூட்டிப்போகிறானா என்று ஊரே கேட்டது.

"உங்க கதை பரவாயில்லை. என்னைப் பாருங்க" என்றது கவரிமா. "வெயிலை நம்பி முதுகு ரோமத்தை உதிர்த்துட்டேன். பனிக்குப் பயந்து வயித்து ரோமத்தை விட்டு வெச்சிருக்கேன். என்ன கண்றாவிடா இதுன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

சிரிக்கிற நிலையிலா இருந்தாள் யாங்டோல்? வீட்டில் மாவு தீர்ந்து, விதைப்பானையிலேயே கை வைத்தாயிற்று. சாயங்காலம் ஒரு பிடி விதையை எடுத்து இடித்துக் கஞ்சி வைப்பாள். பிள்ளைகள் அதை ஊதி ஊதிக் குடிப்பார்கள். அவர்கள் குடிப்பது அடுத்த வருடத்துச் சாப்பாடு என்று அவளுக்குத் தெரியும். பனி இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் விதைக்க நிலம் இருக்கும், விதை இருக்காது.

பொறுக்க முடியாமல் மேட்டில் ஏறி நின்று சூரியனைக் கூப்பிட்டாள். "சாமி, நீங்க வந்துட்டீங்களா, இல்லையா? ஒண்ணு சொல்லித் தொலைங்க!"

"வந்து எத்தனை நாளாச்சு!" சூரியனுக்கு எரிச்சல். "நானும் விடிஞ்சதிலிருந்து வெயிலை அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். அவ வெள்ளையில பட்டு அத்தனையும் என் மூஞ்சிக்கே திரும்பி வருது. எனக்கே கண்ணு கூசுது. உங்களுக்கு வேண்டாம்போல இருக்குன்னு நினைச்சேன்."

யாங்டோல் அடித்துப் பிடித்து வயலுக்கு ஓடினாள். "ஏம்மா பனி, வெயில் வந்தாச்சே, நீ இன்னும் கிளம்பலையா?"

பனி தன் அழகைத் தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "வெயிலா? எங்கே? என் மேல ஒண்ணும் உறைக்கலையே! இன்னும் தை மாசம்னுல்ல நினைச்சேன். அது கிடக்கட்டும், இந்த வருஷம் நான் எவ்வளவு வெளுப்பு பார்த்தியா? ஒரு பொட்டு அழுக்கு இல்லை."

"அப்போ இது கோடையா குளிரா, நீதான் சொல்லேன்!"

"என்னைக் கேட்டா? எனக்கு என்ன தெரியும்?"

யாங்டோல் மறுபடி மேட்டுக்கு ஓடினாள். "இடம் கொடுத்தால் இறங்குகிறேன்" என்றார் சூரியன். வயலுக்கு ஓடி வந்தாள். "வெயில் பட்டால் போகிறேன்" என்றாள் பனி. மேலும் கீழும் ஓடி அவளுக்கு மூச்சு வாங்கியது. "கல்யாணத் தரகர்கூட இப்படி அலைய மாட்டாரு" என்றது கவரிமா. யார் சொல்வது சரி, யார் சொல்வது தப்பு என்று அவளுக்கு விளங்கவே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்குக் கஞ்சி வைக்கப் பானைக்குள் கை விட்டால் பானையின் அடி கையில் தட்டியது; ஓரத்தில் கொஞ்சம் விதைதான் மிச்சம். அவ்வளவுதான். அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம். அடுப்புச் சாம்பலைக் கூடையோடு அள்ளிக்கொண்டு வயலுக்கு நடந்தாள். தோண்டுப் "ஏய், ஏய், வேண்டாம்!" என்று பின்னாலேயே ஓடினான்.

"என் பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டு நீ வெளுப்புப் பார்த்துக்கிட்டு இருக்கியா? நீ நாசமாப் போக!" என்று கத்திக்கொண்டே சாம்பலை வாரி வாரிப் பனியின் மேல் தூற்றினாள். வயல் முழுக்கத் தூற்றினாள். கூடை காலியானதும் கல்லடியில் கிடந்த மண்ணைப் பிறாண்டித் தூற்றினாள்.

பனி துள்ளி எழுந்தாள். அடுத்த கணம், "ஐயையோ, சுடுதே! என்னவோ சுடுதே!" என்று அலறினாள்.

"இப்போதாண்டா எனக்குக் கால் வைக்க இடம் கிடைச்சுது!" என்று மேலேயிருந்து சூரியன் சந்தோஷப்பட்டார். சாம்பல் விழுந்த இடமெல்லாம் வெயில் ஊன்றி இறங்கியது. பனி பொத்தல் பொத்தலாகக் கரைந்தாள்.

"அப்படின்னா கோடை வந்திடுச்சா?" பனி கரைந்துகொண்டே கேட்டாள். "இதை வாயால சொல்லியிருக்கக் கூடாதா? இப்படியா வாரித் தூத்துவே?"

"சொன்னேனேம்மா! ஓடி ஓடி வந்து சொன்னேனே!"

"எங்கே சொன்னே? கோடையா குளிரான்னு என்னைக் கேட்டே. போன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

பனி அழுதுகொண்டே மலையின் மறுபக்கம் போய்விட்டாள், சூரியன் எட்டிப் பார்க்காத வடக்குச் சரிவுக்கு. மிஞ்சியிருந்த விதையை அவர்கள் விதைத்தார்கள். பயிரும் ஜோராக முளைத்து வந்தது.

ஆனி முடிந்து ஆடி வந்தது. அந்த மலையில் மழை என்பதே கிடையாது. வயலுக்குத் தண்ணீர், மேலே ஏறிப் போன பனி உருகி வந்தால்தான் உண்டு; இந்த வருடம் மேலே பனி இல்லை. வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. பயிர் நுனி கருக ஆரம்பித்தபோதுதான், தான் விரட்டியது யாரை என்று யாங்டோலுக்கு உறைத்தது. வெட்கத்தை விட்டு மலையின் மறுபக்கம் போனாள்.

பனி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுக்கு வந்தே? சாம்பல் இன்னும் மிச்சம் இருக்கா?"

யாங்டோல் அழுதேவிட்டாள். "உன் மேல கோபம் இல்லை தாயே. பானை காலியாகுதேன்னு பயம். பயத்துல என்ன செய்யறோம்னே தெரியலை."

"எனக்கும் ஒண்ணும் புரியலை. அன்னைக்குப் போகச் சொல்லி ஏசினே, இன்னைக்கு வரச் சொல்லி அழறே. நான் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் தாயே. நீ வயல்ல இருந்தா விதைக்க முடியலை. நீ இல்லாமப் போனா விளையலை. இங்கேயே இரு. இங்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கொடு."

பனி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். அப்புறம் ஒரு சொட்டு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. யாங்டோல் வீடு வந்து சேர்வதற்குள் வாய்க்காலில் ஈரம் ஓடியது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. சித்திரையில் அந்த மலையில் விழுகிற பனிக்கு இருப்பதா போவதா என்று இன்னும் தெரியவில்லை. இரவெல்லாம் கொட்டும். வெயில் பக்கத்துச் சரிவில் மதியத்துக்குள் காணாமல் போகும். மறைவுப் பக்கத்தில் மட்டும் ஆடிவரை ஒண்டிக் கிடக்கும். பழைய பனி சித்திரை பிறந்தும் போகாமல் வயலில் படுத்திருந்தால், பெண்கள் சாம்பல் கூடையோடு போவார்கள். முதல் பிடியைத் தூவுவதற்கு முன் எல்லோரும் குனிந்து, "கோபம் இல்லை தாயே, கோடை வந்திடுச்சு, போயிட்டு வா" என்று வாய்திறந்து சொல்வார்கள். சொல்லாமல் அங்கே யாரும் தூவுவதில்லை.