பத்து நாள் டிரிப்பும் கோமதிநாயகம் அண்ணாச்சி வண்டி செட்டும்

எங்க தென்காசி கார் ஸ்டாண்டுல கோமதிநாயகம் அண்ணாச்சி புளுகப் போறாருன்னா எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். கண்ணை மூடிக்கிடுவாரு. கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பொய் சொன்னாத்தான் பாவம்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காவ போல. அன்னைக்கு அவரு கண்ணை மூடுறதுக்காக நான் காலையில இருந்து காத்துக் கிடந்தேன்.

ஏன்னு சொல்லுதேன். கத்தார்ல இருந்து வந்த ஹமீதுன்னு ஒரு புதுமாப்பிள்ளை, பொண்டாட்டியோட பத்து நாள் ஊர் சுத்த வண்டி கேட்டிருந்தாரு. முறைப்படி முதல் வண்டி என்னுது. அடுத்தது அண்ணாச்சி வண்டி. மாப்பிள்ளை கையில தீப்பெட்டி கணக்கா ஒரு மியூசிக் பிளேயர், அதுல நாலாயிரம் பாட்டு. "இது பாடுற வண்டியிலதான் ஏறுவோம். இல்லைன்னா அடுத்த வண்டி"ன்னுட்டாரு.

என் வண்டியில கிடந்ததோ கேசட்டு போடுற பழைய டெக். புதுசா எந்த செட்டு வாங்கலாம்னு அண்ணாச்சிகிட்டதான் போயிக் கேட்டேன். "யூஎஸ்பி ஓட்டை இருக்கானு மட்டும் பாத்து வாங்குல மைதீனு, எல்லாப் பிளேயரும் பாடும்"னு என் தலையில கையை வச்சுச் சொன்னாரு. அன்னைக்கு அவரு கூலிங்கிளாஸ் போட்டிருந்தாரு, கண்ணு மூடினது எனக்குத் தெரியலை. நம்பி வாங்கி மாட்டிட்டேன். முந்தாநாள் மாப்பிள்ளை வந்து சொருகிப் பாத்தா, பிளேயருக்குச் சார்ஜ் ஏறுது, பாட்டு வரலை. ஹெட்போன் மாட்டுற மாதிரி சின்ன வயர் ஓட்டைதான் அதுக்கு வேணுமாம். அந்த ஓட்டை என் செட்டுல இல்ல. அண்ணாச்சி வண்டி செட்டுல இருக்கு! தெரிஞ்சேதான் மனுசன் எனக்கு அப்படி வழி சொல்லியிருக்காரு. கடையில மாத்திக் கேட்டா, சரக்கு வர ஒரு வாரம் ஆகும்னுட்டான். மாப்பிள்ளையோ, "புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அந்தப் புதன்கிழமைதான் இது. பத்து மணிக்கே அண்ணாச்சியை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, வண்டிகளுக்கு முதுகு காட்டுற பெஞ்சுல உக்கார வச்சேன். எங்க ஸ்டாண்டுல யாரும் வண்டியைப் பூட்ட மாட்டோம். முதல் வண்டி கிளம்பினா பின்னால நிக்கிறதை எல்லாம் நியூட்ரல்ல வச்சுத் தள்ளித் தள்ளி முன்னுக்கு நகத்தணும்லா.

"அண்ணாச்சி, எனக்குத்தான் கொடுப்பினை இல்ல. உங்க செட்டை எப்படித்தான் பாத்து எடுத்தியளோ?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

கண்ணு மூடிச்சு. நான் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஞானதுரைக்குச் சாடை காட்டினேன். அவன் டீ கிளாசை வச்சிட்டு எந்திரிச்சுப் போனான்.

"நான் எங்கல எடுத்தேன்? அதுல்லா என்னைய எடுத்துச்சு! கடைக்குள்ள பிளேயரைப் பையில போட்டுக்கிட்டு நுழையுதேன். நாப்பது செட்டு வரிசையா இருக்கு. மூணாவது தட்டுல இருந்த ஒண்ணு தடால்னு கீழ குதிச்சுது. வயரை வால் மாதிரி இழுத்துக்கிட்டு நடந்து போயி, என் வண்டி டேஷ்போர்டுல ஏறி உக்காந்துட்டு. தோதான பிளேயர் எங்க இருக்கோ அங்க அதுவா நடந்து போயிரும், பாத்துக்கிடும்."

"நடந்துச்சாக்கும்! செருப்புப் போட்டிருந்துச்சா?"ன்னு செல்லப்பா கேட்டாரு. அவரு எங்க ஸ்டாண்டுல மூத்த டிரைவர். யாரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டாரு.

"வெயிலுக்குத் துள்ளித் துள்ளித்தான் போச்சு, பாவம். இதுக்கே வாயைப் பொளந்தா எப்படிவே? பங்குனி மாசம், குத்தாலத்துல சொட்டுத் தண்ணி கிடையாது. ஐந்தருவிக்கு முன்னால வண்டியை நிறுத்தி ஒரு மழைப் பாட்டைப் போட்டேன். எங்க இருந்துதான் வந்துச்சோ தண்ணி! அஞ்சும் கொட்டுது, பக்கத்துல புதுசா ஆறாவது ஒண்ணும் கொட்டுது."

"அந்த ஆறாவதை இப்பக் காணலியே?"ன்னாரு செல்லப்பா.

"ஒரு ஸ்பீக்கர் போயிட்டுவே, அதான் நின்னுட்டு. கேளும். எண்ணெய் தேய்ச்சு நின்ன சனம் பூரா அருவிக்குள்ள பூந்துட்டு. அந்த நேரம் பாத்து என் கை தெரியாம ரீவைண்டுல பட்டுட்டு. விழுந்த தண்ணி அப்படியே மேல ஏறுது! சங்கரன்கோயில்காரர் ஒருத்தரு சோப்பும் கையுமா தண்ணியோடவே மலை உச்சிக்குப் போயிட்டாரு. அடுத்த பாட்டுலதான் இறங்கி வந்தாரு. வந்து, 'மேல நல்ல காத்து'ங்காரு."

டீக்கடைக்காரர் சிரிச்ச சிரிப்புல பால் பொங்கி அடுப்புல ஊத்திட்டு. அண்ணாச்சிக்குக் குஷி வந்துட்டு.

"கேரளா போற ரோட்டுல, புளியரை ஏத்தத்துல டீசல் தீந்து நின்னேன். பின் ஸ்பீக்கர்ல பேஸைக் கூட்டினேன். கும்மு கும்முனு ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஒரு முழம் ஏறுது. இறக்கத்துல முன் ஸ்பீக்கரைக் கூட்டினேன், அது பிரேக்கு. கொல்லம் வரைக்கும் அப்படியேதான் போனேன்."

அப்பப் பாத்து எங்க வண்டிப் பக்கமா டொப்புன்னு ஒரு சத்தம். அண்ணாச்சி ஒரு கண்ணைத் தொறந்துட்டாரு. நான் சட்டுன்னு எந்திரிச்சு வண்டிகளை மறைச்சு நின்னேன்.

"என்னல சத்தம்?"

"அது கெடக்கு அண்ணாச்சி! போற வழி பூரா காடாச்சே, ஆனை ஒண்ணும் மறிக்கலியா?"

கண்ணு மறுபடி மூடிச்சு.

"மறிக்காம? கொம்பன் ஆனை! சன்னலுக்குள்ள துதிக்கையை விட்டு வால்யூமைக் கூட்டிச்சு. நாலு பாட்டுக் கேட்டுச்சு. பிடிக்கலை. ரோட்டுலயே என்னை நிக்கச் சொல்லிட்டு விறுவிறுன்னு காட்டுக்குள்ள போயி, அதோட பிளேயரை எடுத்துட்டு வந்துச்சு!"

"ஆனைக்கு ஏதுவே பிளேயரு?"

"அதை அதுகிட்டல்லா கேக்கணும்! கொண்டாந்து என் செட்டுல சொருகிச்சு. பாடிச்சுவே! ஆனையோட பிளேயரே பாடிச்சு. அதுக்குப் பேருதான் தோது. மைதீன் வாங்கினானே, சார்ஜ் ஏறுத செட்டு, அது மாதிரியா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. செல்லப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா வே? ஆனையை விடும். செட்டு நடந்துச்சுங்கீரே, அதையாவது உம்மால சத்தியம் பண்ண முடியுமா?"

அண்ணாச்சிக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. எந்திரிச்சு நின்னு, கண்ணை மூடினபடியே அடுப்புக்கு மேல கையை நீட்டினாரு. "நடந்துச்சு! நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்னாலும் இந்த சீசன் பூரா நான் வரிசையில கடைசி வண்டிவே!"

ஸ்டாண்டே கேட்டுச்சு.

சரியா அந்நேரம் மாப்பிள்ளையும் பொண்ணும் ஆட்டோவுல வந்து இறங்கினாவ. அண்ணாச்சி கண்ணைத் தொறந்து, தலையைக் கோதி, "மைதீன் வண்டியில பாட்டு வராது சார், நம்ம வண்டிக்கு வாங்க"ன்னு முந்திக்கிட்டு ஓடினாரு.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? ஒரு தடவை சொருகிப் பாத்துருங்க"ன்னு நான் என் வண்டிக் கதவைத் தொறந்தேன். மாப்பிள்ளை வயரை மாட்டி அமுக்கினாரு. நாதஸ்வரம் சும்மா கணீர்னு கேட்டுச்சு. பொண்ணு கையைத் தட்டிட்டு ஏறி உக்காந்துட்டு.

அண்ணாச்சி முகம் செத்துப்போச்சு. என் டேஷ்போர்டை உத்துப் பாத்தாரு. திரும்பி அவரு வண்டிக்கு ஓடினாரு. உள்ள செட்டு இருந்த இடத்துல சதுரமா ஒரு பொந்து, ரெண்டு வயர் தொங்குது.

"ஏல! என் செட்டு எங்கல?"

"நீங்கதான அண்ணாச்சி சொன்னிய, தோதான பிளேயர் எங்க இருக்கோ அங்க நடந்து போயிரும்னு? நேத்து ராத்திரி யோசிச்சு வச்சிருக்கும் போல, இன்னைக்கு வந்துட்டு. பத்து நாள்ல திரும்பி நடந்து வந்துரும்"னேன்.

ஞானதுரை ஸ்குரு டிரைவரை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்தான். அண்ணாச்சி என்னைத் திட்ட வாயைத் தொறந்தாரு.

"என்னவே, அப்ப நடந்துச்சுன்னு சொன்னது பொய்யா?"ன்னு செல்லப்பா கேட்டாரு. "கடைசிக்குத் தள்ளிருவோமா வண்டியை?" நாலு பேரு ஏற்கனவே அண்ணாச்சி வண்டி பம்பர்ல கையை வச்சுட்டாவ.

அண்ணாச்சி பம்பர்ல இருந்த கைகளைப் பாத்தாரு. அந்தப் பொந்தைப் பாத்தாரு. அப்புறம் மெதுவாக் கண்ணை மூடினாரு.

"பாத்தியளாவே, போகும்போது கதவைச் சாத்திட்டுல்லா போயிருக்கு! நான் வளத்த செட்டுவே."