யானை ஓட்டும்போது கையில் மைனா

மூங்கில்காட்டில் யானை பெரியநாச்சிதான் எல்லோருக்கும் வண்டி. அவள் முதுகில் பெரிய மூங்கில் தொட்டி, அதற்கு மேல் ஓலைப் பந்தல். முயல், அணில், முள்ளம்பன்றி, யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். ஆற்றங்கரையில் இறங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சங்கடம். பந்தல் ஓலை அவள் கண்ணுக்கு முன்னால் தொங்கும். வழி பார்த்துச் சொல்ல ஓர் ஓட்டுநர் வேண்டும். அந்த வேலையில் இருந்தது குரங்கு துள்ளப்பன். சரக்கொன்றை மாலை போட்டவர்தான் யானை ஓட்டலாம் என்பது காட்டுச் சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. ஓட்டும்போது கையில் மைனா கூடாது!

ஏன் மைனா என்கிறீர்களா? அந்தக் காட்டில் ஊர்க்கதை முழுவதும் மைனாவிடம்தான். கையில் பிடித்துக் காதருகே வைத்தால் போதும், கொட்டித் தீர்த்துவிடும். நடித்தும் காட்டும். துள்ளப்பனுக்கு அது இல்லாமல் பொழுதே போகாது.

"அண்ணே, ஓட்டும்போது என்னைக் கையில வைக்கக் கூடாதாமே!" என்றது மைனா.

"அட போ! நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்!" என்றான் துள்ளப்பன்.

ஒரு நாள் அப்படித்தான் ஓட்டினான், பாவி!

வாகைமரத் திருப்பத்தில் காடை சின்னி தன் குஞ்சுகளோடு வழியைக் கடந்துகொண்டிருந்தாள். "யாரோ கத்துற மாதிரி இருக்கே. துள்ளப்பா, வழி சரியா இருக்கா?" என்று கேட்டாள் பெரியநாச்சி. துள்ளப்பன் மைனாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். "போ, போ!" என்றான்.

பெரியநாச்சி காலைத் தூக்கி வைத்தாள். சின்னி அலறியபடி குஞ்சுகளை ஓரமாகத் தள்ளினாள். குஞ்சுகள் தப்பின. அவள் சிறகு தப்பவில்லை.

"ஐயோ! யாரை மிதிச்சேன்?" என்று பெரியநாச்சி நின்றுவிட்டாள்.

"ஏதோ சருகு. நட, நட!" என்றான் துள்ளப்பன். அவள் நடக்கவில்லை. தும்பிக்கையால் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே அழுதாள்.

சின்னியின் சிறகு ஒடிந்துவிட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பறந்து போய்க் கரையான் கொண்டுவந்தால்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. இனி யார் கொண்டுவருவது? நாளைக்கே குஞ்சு ஒன்று மிதிபட்டால்? சின்னி நேராக நடுவர் கரடியாரிடம் போய் வழக்குப் போட்டாள்.

"ஒரு காடை பேச்சு அம்பலம் ஏறுமா!" என்று சிரித்தான் துள்ளப்பன். பெரிய பலாப்பழம் ஒன்று தருவதாகச் சொல்லி நரியை வக்கீலாகப் பிடித்தான்.

வழக்கு நாள் வந்தது. காடே கூடிவிட்டது. நரி வாலில் இலைக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தது.

"என்ன வக்கீலய்யா, வாலுக்கு?" என்று கேட்டார் கரடியார்.

"தேனீ கொட்டிருச்சுங்க" என்றது நரி. கட்டின் ஓரத்தில் ஒரு முள் நுனி எட்டிப் பார்த்தது. சின்னி அந்த வாலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

நரி தொண்டையைக் கனைத்தது. "காடையம்மா சருகு நிறம்! சருகுக்குள்ள சருகு நடந்தா யாருக்குத் தெரியும்? தப்பு அந்தம்மா மேலதான்!"

"நான் மைனாவைத் தொடவே இல்லை!" என்று சத்தியம் செய்தான் துள்ளப்பன்.

மைனாவைக் கூப்பிட்டார்கள். அது பயந்து எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. ஊர்வம்பெல்லாம் பேசும் வாய், வேண்டிய நேரத்தில் பேசவில்லை!

பெரியநாச்சி உள்ளதைச் சொன்னாள். "யாரோ கத்தின சத்தமும் இவன் சிரிச்ச சத்தமும் கேட்டேன் ஐயா. கையில என்ன இருந்துச்சுன்னு பார்க்கல. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்."

"சிரிச்சா குற்றமா?" என்று துள்ளியது நரி. கரடியார் தலையைச் சொறிந்தார். துள்ளப்பன் மாலையைத் தடவிவிட்டுக்கொண்டான்.

சின்னி ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நானே கேட்கிறேன் ஐயா. அன்னைக்கு மைனா சொன்னது என் காதிலயும் விழுந்துச்சு. ஆட்டப் போட்டியில மயில் ஜெயிச்சுதாம். இது ஒரு செய்தியா!"

துள்ளப்பனுக்கு வாய் நமநமவென்றது. தப்பான செய்தியைப் பொறுத்துக்கொள்ள அவனால் முடியுமா?

"மயிலா ஜெயிச்சுது? காட்டுக்கோழி ஜெயிச்சுது! மயில் தன் தோகையை மிதிச்சுக் குப்புற விழுந்துச்சு! மைனா அப்படியே நடிச்சுக் காட்டினதை நான் என் கண்ணால பார்த்தேனே!"

காடே "ஓ!" என்று கத்தியது. நரி தலையில் அடித்துக்கொண்டது.

"ஒரு கணம் பார்த்திருப்பார் ஐயா!" என்று சமாளித்தது. "மத்த நேரமெல்லாம் கண்ணு வழியிலதான் இருந்துச்சு!"

"ஆமா, ஆமா!" என்றான் துள்ளப்பன். "வழியில ஒரு ஈ எறும்பு இல்ல!"

"கத்திக்கிட்டு யாரும் குதிச்சு ஓடலையா?" என்று கேட்டாள் சின்னி.

"யாருமே இல்ல!"

"ஒரு நரிகூட இல்லையா?"

"அங்க ஏது நரி!"

நரியின் மீசை துடித்தது. பலாப்பழத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தது.

"அப்போ ஏதோ செத்த எலி குறுக்கே கிடந்திருக்கும்போல" என்றாள் சின்னி.

அவ்வளவுதான்! "செத்த எலியா?" என்று நரி எகிறியது. "நான்தானம்மா அது! டேய் துள்ளப்பா, நடுவழியில நின்னு தொண்டை கிழியக் கத்தினேனே! கடைசி நேரத்துல முள்ளுப் புதர்ல பாய்ஞ்சேனே! ஏது நரின்னா கேட்கிறே?" இலைக்கட்டைப் பிய்த்து எறிந்தது. வால் முழுவதும் காரைமுள்!

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த வௌவால்கள் விழித்துக்கொண்டன. கரடியார் மட்டும் சிரிக்கவில்லை.

"நரி கத்தினதும் கேட்கல, காடை அலறினதும் கேட்கல. துள்ளப்பா, கழட்டு மாலையை!" என்று உறுமினார். "சின்னியோட சிறகு ஆறுற வரைக்கும் குஞ்சுகளுக்குத் தினமும் நீதான் கரையான் கொண்டுவரணும். கண்ணு எங்க இருக்கணும்னு நீ கத்துக்கிட்டேன்னு காடையம்மா சொன்னாத்தான் மாலை திரும்பக் கிடைக்கும். வக்கீலய்யா, உண்மை தெரிஞ்சும் மறைச்சீங்க. இனி இந்தப் பக்கம் வாதாட வர வேண்டாம்!"

நரிக்குப் பலாப்பழமும் போச்சு, பிழைப்பும் போச்சு.

காடு முழுவதும் ஒரே ஆரவாரம். பெரியநாச்சி சின்னியின் முன்னால் மண்டியிட்டாள். "சின்னி, எனக்கு ஓட்டுநர் இல்ல. தரையைப் பார்த்தே வளர்ந்தவ நீ. வர்றியா?"

சின்னியின் கண் நிறைந்துவிட்டது. மாலை அவளுக்குப் பெரிது. கரடியார் அதிலிருந்து ஒரே ஒரு பூவைக் கிள்ளி அவள் கழுத்தில் கட்டினார்.

மறுநாளே சின்னி யானையின் நெற்றியில் ஏறிவிட்டாள். தொட்டியில் முயல் குட்டிகள் பாட்டுப் பாடின. வாகைமரத் திருப்பம் வரும்போது மைனா பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அக்கா, ஒரு சூடான செய்தி! கேட்டா அசந்துடுவீங்க!"

"இறங்கின பிறகு சொல்லு! இப்ப பறந்து போ!" என்றாள் சின்னி. அவள் கண் வழியைவிட்டு நகரவில்லை. அடுத்த கணமே, "யானையக்கா, நில்லுங்க!" என்று கத்தினாள்.

பெரியநாச்சி தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள்.

காலுக்கு நேர் கீழே துள்ளப்பன்! இரண்டு கையிலும் கரையான் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே சிந்திவிடுமோ என்று அதையே பார்த்தபடி வழியைக் கடந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். வானம் தெரியவில்லை, பாதம்தான் தெரிந்தது.

"காடையம்மா..." என்றான். "நீங்க மட்டும் பார்க்காம இருந்திருந்தா..."

"நான் பார்த்துட்டேன்" என்றாள் சின்னி. "ஓரமாப் போப்பா. குஞ்சுங்க பசியா இருக்கும்."

துள்ளப்பன் வழியின் இரு பக்கமும் பார்த்தான். பிறகு ஓரமாக நடந்தான். பெரியநாச்சி பிளிறிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கம்பீரமாகப் போனாள்.

ஓட்டுகிறவர் கண்ணை ஒரு கணம் வழியிலிருந்து எடுத்தாலும் ஒடிவது இன்னொருவர் வாழ்க்கை. அதற்குச் சட்டத்தின் முன் பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது.