கருவிழியின் பங்கு

"குட்டி போட்டவள் இனி எங்கே ஓடப்போகிறாள்? போன கோடையோடு அவள் ஓட்டம் முடிந்தது!"

எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த மைனா தன் ஜோடியிடம் இப்படிச் சொன்னது. புதருக்குப் பின்னால் நின்ற கருவிழி என்ற பெண் மானின் காதில் அது விழுந்தது.

அந்தப் புல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கும் நாளில் மான்கள் எல்லாம் ஏரியை மூன்று முறை சுற்றி ஓடும். முதலில் வரும் மானின் குடும்பத்துக்கு ஊற்றுக்கரைப் புல் முழுவதும் சொந்தம். மற்றவை மழை வரும்வரை சருகைத்தான் மேய வேண்டும். கருவிழியின் குட்டி பொட்டுவுக்கு இதுதான் முதல் கோடை. சருகு தின்று அது பிழைக்காது.

மூன்று வருடமாக வென்றுவந்த முறுக்கன் என்ற ஆண் மானிடம் கருவிழி போனது.

"அண்ணே, என் வேகம் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?"

முறுக்கன் ஏற இறங்கப் பார்த்தது. "உடம்பு கனத்துவிட்டது, தங்கச்சி! மேய்ச்சலை விட்டுவிடு. வயிறு காலியானால் கால் பறக்கும்!"

கருவிழிக்கு இது சிரமமாகவே தெரியவில்லை. ஏற்கெனவே நுனிப்புல்லைக் குட்டிக்கு விட்டுவிட்டு, பொட்டு கடித்துப் போட்ட தண்டுகளைத்தான் அது தின்றுவந்தது. இப்போது அவற்றிலும் பாதியை விட்டது. காலையில் ஏரியை ஐந்து சுற்று, மாலையில் ஐந்து சுற்று ஓடியது. பத்தாம் நாள் இரண்டாவது சுற்றிலேயே கால் மடங்கி விழுந்தது.

'இன்னும் கனமாகத்தான் இருக்கிறேன் போல!' என்று நினைத்துக்கொண்டு எழுந்தது.

அன்று இளம்புல் இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனபோது பொட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எனக்கு வேண்டாம்!"

"ஏன்டா? வயிறு வலிக்கிறதா?"

"இல்லை. நானும் உன்னை மாதிரி ஓட்டக்காரன் ஆகப்போகிறேன். ஓட்டக்காரர்கள் சாப்பிட மாட்டார்கள்!"

கருவிழி சுற்றுமுற்றும் பார்த்தது. சற்றுத் தள்ளி முறுக்கன் காட்டுக்கொள்ளுப் புதரில் கழுத்துவரை புதைந்து மேய்ந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தியபோது அதன் வாயோரமெல்லாம் பச்சை. யோசித்துப் பார்த்தால், எந்த நாளும் அந்த வாய் பச்சையாகத்தான் இருந்தது!

"அந்த ஓட்டக்காரனைப் பார்டா!" என்றது கருவிழி. "வா, நாம் இரண்டு பேரும் சாப்பிடலாம்."

"நீ முதலில்!"

கருவிழி சாப்பிட்டது. தண்டை அல்ல, நுனிப்புல்லை. மறுநாள் கொள்ளுக்கொடியையும், உதிர்ந்த வேலங்காய்களையும் தேடித் தின்றது. நண்பகலில் நிழலில் கண்ணை மூடிப் படுத்தது. காலையில் மட்டும் ஏரியைச் சுற்றியது. மாலையில் பொட்டுவைத் துரத்தி விளையாடியது. பொட்டு நேராக ஓடினால்தானே! இடப்பக்கம் போவது போல் காட்டி வலப்பக்கம் பாயும். அதைப் பிடிப்பதற்குள் கருவிழிக்கு மூச்சு வாங்கிவிடும்.

"பந்தயத்தை வைத்துக்கொண்டு இவள் ஓடிப்பிடித்து விளையாடுகிறாள் பார்!" என்று மைனாக்கள் சிரித்தன.

பந்தய நாள் வந்தது. இரண்டு சுற்று முடிந்தும் முறுக்கன்தான் முன்னால். மூன்றாவது சுற்றில் ஏரி முனையின் வளைவு வந்தது. முறுக்கன் வேகத்தில் திரும்ப முடியாமல் வெளியே விலகி ஓடியது. கருவிழி பொட்டுவைத் துரத்துவது போல் சட்டென்று உள்பக்கம் வெட்டித் திரும்பியது. எல்லையில் இருந்த ஆலமரத்தை முதலில் தொட்டது கருவிழிதான்!

முறுக்கன் மூச்சிரைக்க வந்து நின்றது. "நான் சொன்னபடியா செய்தாய், தங்கச்சி?"

"இல்லை அண்ணே! நீங்கள் செய்தபடி செய்தேன்."

மைனாக்கள் கிளை கிளையாகத் தாவி வந்தன. "எங்களுக்கும் கூட்டில் குஞ்சு இருக்கிறது. உண்மையைச் சொல், எப்படி ஜெயித்தாய்?"

"பிள்ளைக்காக ஓடுகிறவர்கள் தங்கள் பங்கையும் தின்றுவிட்டுத்தான் ஓட வேண்டும்" என்றது கருவிழி.

பிறகு குட்டியோடு ஊற்றுக்கரைக்குப் போனது. பொட்டு ஒதுங்கி நின்று அம்மாவைப் பார்த்தது. கருவிழி குனிந்து முதல் வாய்ப் புல்லைக் கடித்தது.