முயலுக்கு வந்த காய்ச்சல்

ஓடைக்கரைக் காட்டில் மொச்சை என்ற முயலும் கீச்சி என்ற அணிலும் உயிர்க் கூட்டாளிகள். எங்கே போனாலும் சேர்ந்துதான் போகும். சாப்பாட்டில் மட்டும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

கீச்சி நாவல் பழத்தைத் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொண்டு திரியும். மொச்சைக்குக் கரும்பு ஒன்றே போதும்.

"ஒரே ஒரு நாவல் பழம் தின்னு பாரேன்!"

"தூ! துவர்க்குது!"

"சரி, ஓடையோரம் பொன்னாங்கண்ணிக் கீரையாவது கடி!"

"கீரையா? நான் என்ன ஆடா?"

கீரை வேண்டாம் என்று சொன்ன முயலை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததே இல்லை!

முதல் மழை பெய்ததும் அங்கே எல்லா விலங்குகளும் கூடி ஆடும். முன்னால் நின்று ஆட ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருஷம் எல்லோரும் கீச்சியின் பெயரைச் சொன்னார்கள். மொச்சைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டும் துள்ளிக் குதித்து ஓடியதில் இலந்தைப் புதருக்குள் போய் விழுந்தன. இரண்டின் காலிலும் முள் கிழித்தது.

கீச்சி காயத்தை நக்கிவிட்டு மறந்தே போனது. மொச்சையின் காலிலோ முள் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கால் சிவந்து வீங்கியது. தீனி பிடிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. புதருக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அந்தப் பக்கம் போன மைனாவிடம், "எனக்குக் காய்ச்சல்" என்று மட்டும் முனகியது.

மைனாவின் வாயில் செய்தி நிற்குமா? காடு முழுக்கப் பறந்து கத்தியது.

"மொச்சைக்குக் காய்ச்சல்! மொச்சைக்குக் காய்ச்சல்!"

உடம்பு சுட்டாலும் காய்ச்சல். அடுத்தவரைப் பார்த்து மனசு எரிந்தாலும் நம் பேச்சில் காய்ச்சல்தான். காடு எதை எடுத்துக்கொண்டது என்று சொல்லவும் வேண்டுமா?

குரங்குதான் முதலில் சிரித்தது. "கீச்சி மேல காய்ச்சல்! தன்னை ஆடக் கூப்பிடலையேன்னு வயித்தெரிச்சல்!"

"அவனுக்கு முள்ளு குத்திச்சே..." என்று கீச்சி இழுத்தது.

"உனக்கும் அதே முள்ளுதானே குத்திச்சு? நீ குதிச்சிட்டு இருக்கே, அவன் படுத்துக் கிடக்கான். இது உடம்புக் காய்ச்சலா? சொல்லு!"

கீச்சி புதர் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டது. "மொச்சை! வா, ஆடிப் பழகலாம்!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "போ. என்னைத் தனியா விடு."

கீச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உள்ளே பாய்ந்து, மொச்சையின் காதைப் பிடித்து இழுத்தது.

காது அனலாகக் கொதித்தது!

"ஐயையோ! உனக்கு நிஜமாவே காய்ச்சலா!"

"பின்னே, பொய்க் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கா? பேசத் தெம்பில்ல கீச்சி. நீ வரமாட்டியான்னு ஏங்கிட்டுதான் கிடந்தேன். வாய் 'போ'ன்னு சொல்லிடுச்சு."

கீச்சி ஓடிப்போய்க் குரங்கை இழுத்து வந்தது. வீங்கிய காலைப் பார்த்ததும் குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் முள்ளைப் பதமாக எடுத்தது.

"ஒரே முள்ளு. உனக்கு மட்டும் ஏன் வீங்கல?" என்று மொச்சை முனகியது.

"முள்ளு எனக்குள்ள ஒடியல. அது என் அதிர்ஷ்டம். ஆனா என் உடம்புல பழமும் கீரையும் காவலுக்கு இருக்கு. உன் உடம்புல கரும்பு மட்டுந்தானே இருக்கு? காவல் இல்லாத வீட்டுல தீ சட்டுனு பரவும்ல!"

கீச்சி நாவல் பழத்தை நசுக்கி இலையில் வைத்து நீட்டியது. மொச்சை முகத்தைச் சுளித்தபடி நக்கியது.

"கொஞ்சம் போதுமா? ஒரு குலையே பறிச்சிட்டு வர்றேன், மொத்தமா முழுங்கட்டும். சாயங்காலமே எழுந்து ஆடுவான்!" என்றது குரங்கு.

"இது சாப்பாடுப்பா, மந்திரம் இல்ல! மெதுவாதான் கேக்கும். அவன் படுத்திருக்கட்டும். உடம்பு உள்ளே வேலை பார்க்குது" என்றது கீச்சி.

கீச்சி தினமும் பழமும் கீரையும் கொண்டு வந்தது. மொச்சை இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது. ஆனால் எழுந்து நிற்கும் முன்பே மழை வந்துவிட்டது!

"கீச்சி, முன்னால வா! ஆடு!" என்று எல்லோரும் கூவினார்கள்.

"மொச்சை இல்லாம எனக்குக் காலே எழாது. வேற யாரையாவது கூப்பிடுங்க."

குரங்கு மரத்திலிருந்து குதித்தது. "அவனால வர முடியலைன்னா என்ன? நாம அங்கே போவோம்!"

காடே புதரைச் சுற்றிக் கூடியது. யானைகூடக் காலை மெத்தென்று வைத்து ஆடியது. மைனா வாயைத் திறக்காமல் ஆடியதுதான் பெரிய அதிசயம்!

புதருக்குள்ளிருந்து முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு இன்னொன்று. இரண்டும் தாளத்துக்கு அசைந்தன. மொச்சை தலையை வெளியே நீட்டி, வெட்கத்தோடு சொன்னது: "எனக்குப் பசிக்குது!"

மழைக்குக்கூட அந்தக் காடு அப்படி ஆரவாரம் செய்ததில்லை.

ஒதுங்கிக் கிடப்பவரைப் பழிக்கும் முன் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்; நோயோடு மல்லுக்கட்டும் பலத்தை நல்லபடியாக இருக்கும்போதே தின்று சேர்க்க வேண்டும்.